ஜப்பானில் நின்று சாப்பிடலாம், நடந்துகொண்டு சாப்பிடக் கூடாதா?

டோக்கியோவிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம் தெற்கே போனால் கமகுரா. பெரிய வெண்கலப் புத்தரைப் பார்க்க உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் வரும் கடலோர ஊர். ரயில் நிலையத்தில் இறங்கி ட்சுருகாவோகா ஹச்சிமான்கூ ஆலயத்தை நோக்கிப் போகிறவர்கள் பெரும்பாலும் கொமாச்சி என்ற கடைத்தெரு வழியாகத்தான் நடப்பார்கள். நானூறு மீட்டர்கூட நீளமில்லாத அந்தத் தெருவில் கூட்ட நாட்களில் ஐம்பதாயிரம் பேருக்கு மேல் வந்துபோகிறார்கள். இரண்டு பக்கமும் தின்பண்டக் கடைகள்: கண்ணெதிரே சுடும் அரிசி பிஸ்கட், குச்சியில் குத்திய மீன் உருண்டை, ஊதா நிறச் சர்க்கரைவள்ளி ஐஸ்கிரீம். எல்லாம் கையில் எடுத்துக்கொண்டு போகும்படி செய்யப்பட்டவை.

இந்த ஊர்தான் 2019 ஏப்ரல் 1 முதல் பொது இட நடத்தை பற்றி ஒரு விதியை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. குறுகலான இடத்திலும் நெரிசலான இடத்திலும் நடந்துகொண்டே சாப்பிடுவது பிறருக்குத் தொல்லை தரும் செயல், அதைத் தவிர்க்க வேண்டும் என்கிறது விதி. ரயில் பாதைக்குப் பக்கத்திலும் சாலையின் நடுவிலும் நின்று படம் எடுப்பதும் அதே பட்டியலில் வருகிறது. மீறினால் அபராதம் இல்லை, பிடித்துக் கேட்க ஆளும் இல்லை.

செய்தி வெளியானதும் 'கமகுராவில் தெருவில் சாப்பிடத் தடை' என்றே பலரும் புரிந்துகொண்டார்கள். விதி அதைச் சொல்லவில்லை. கடைகளை மூடச் சொல்லவில்லை, தெருவில் வாங்கிச் சாப்பிடாதே என்றும் சொல்லவில்லை. கூட்டத்துக்குள் நடந்துகொண்டே சாப்பிடாதே என்றுதான் சொன்னது. ஜப்பானின் தெரு உணவு வழக்கத்தைப் புரிந்துகொள்ள இந்தச் சின்ன வித்தியாசம் ரொம்ப முக்கியம். பயணக் கையேடுகள் பலவும் 'ஜப்பானியர்கள் நடந்துகொண்டு சாப்பிட மாட்டார்கள்' என்று ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. அதை நம்பிப் போகிறவர் டோக்கியோவின் ஹராஜுகுவில் கிரேப் என்ற மெல்லிய இனிப்பு அப்பச் சுருளைக் கடித்தபடி போகும் பள்ளிப் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு, அந்த வழக்கமெல்லாம் மலையேறிவிட்டது என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார். இரண்டுமே தவறான முடிவுகள்.

நான் புரிந்துகொண்ட வரையில், அங்கே பொது இடத்தில் சாப்பிடுவது ஒரு சிக்கலே இல்லை. சாப்பிடுகிறவருக்கு ஓர் இடம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. கடை வாசலில் ஓரமாக நின்றால் அது இடம். முன்னால் பலகை உள்ள ரயில் இருக்கை இடம். பூங்காவில் விரித்த பாயும் இடம். கையில் குச்சியோடு கூட்டத்துக்குள் நகர்ந்துகொண்டே இருப்பவருக்கு இடமே கிடையாது. அவர் கையிலிருந்து எது சொட்டினாலும் யார் மேலாவது விழும். சாப்பிட்டு முடித்த குச்சிக்கும் யாரும் பொறுப்பில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால், முரண்பாடாகத் தெரியும் பல விஷயங்கள் ஒன்றோடொன்று பொருந்திவிடுகின்றன.

ரயிலை எடுத்துக்கொள்ளுங்கள். ஷிங்கான்சென் அதிவேக ரயிலில் ஏறியதும் முன்னிருக்கையின் பலகையை இறக்கி, ரயில் நிலையத்தில் வாங்கிய எக்கிபென் சாப்பாட்டுப் பெட்டியைத் திறப்பது பயணத்தின் ஒரு பகுதியாகவே கருதப்படுகிறது. அந்தந்த ஊரின் மீன், இறைச்சி, காய்கறி வைத்து அந்தந்த நிலையத்தில் விற்கும் பெட்டிகள் அவை. நூறு வருடத்துக்கும் மேற்பட்ட வழக்கம். டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையே ஓடும் தோக்கைடோ ஷிங்கான்செனில் சாதாரணப் பெட்டிகளுக்கான தள்ளுவண்டி விற்பனை 2023 அக்டோபரோடு நின்றுவிட்டதால், இப்போது ஏறுவதற்கு முன்பே வாங்கிக்கொள்ள வேண்டும். அதே டோக்கியோவில் நகருக்குள் ஓடும் ரயிலில் ஏறுங்கள். ஜன்னலை ஒட்டி நீளவாக்கில் இருக்கை, எதிரே முகம் பார்த்தபடி ஒரு வரிசை ஆட்கள், நடுவில் நிற்கிறவர்கள். அங்கே சோற்றுருண்டையைப் பிரித்தால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், ஆனால் செய்யத்தகாததைச் செய்கிறீர்கள் என்பது அந்தப் பெட்டி முழுக்கத் தெரியும். தண்ணீர் குடிக்கலாம், மூடியுள்ள பாட்டிலில் தேநீரும் குடிக்கலாம். இதைச் சட்டம் போட்டுத் தடுக்கவில்லை. பலகையும் இல்லை, நேரமும் இல்லை, அடுத்தவர் தோளுக்கும் உங்கள் கைக்கும் இடைவெளியும் இல்லை. ஆகவே அது சாப்பிடும் இடம் இல்லை. வெகுதூர ரயிலில்கூட வாசனை கடுமையான சாப்பாட்டைத் திறக்கலாமா என்பதில் ஜப்பானியர்களுக்குள்ளேயே ஓயாத சண்டை உண்டு. ஒசாகாவில் வாங்கும் சூடான பன்றியிறைச்சி பன்தான் அந்தச் சண்டையில் அடிக்கடி அடிபடுவது.

ரயில் நிலைய நடைமேடைகளில் நின்றபடி சாப்பிடும் 'சோபா' என்ற நூடுல்ஸ் கடைகள் உண்டு. அலுவலகம் போகிறவர்கள் சில நிமிடங்களில் ஒரு கிண்ணம் நூடுல்ஸை உறிஞ்சி முடித்துவிட்டு அடுத்த ரயிலைப் பிடிக்கிறார்கள். அவசரமாகச் சாப்பிடுவதோ நின்று சாப்பிடுவதோ அங்கே இழிவு இல்லை. சத்தம்போட்டு உறிஞ்சுவதும் தப்பில்லை. கடைக்காரர் முன்னால், ஒரு பலகையில் கிண்ணத்தை வைத்துச் சாப்பிடுகிறார்கள் அல்லவா, அது போதும்.

செர்ரி பூக்கும் காலத்தில் பூங்காக்களுக்குப் போனால் இன்னும் தெளிவாகத் தெரியும். டோக்கியோவின் உவேனோ பூங்காவில் மரத்தடியெங்கும் நீல நிறப் பிளாஸ்டிக் பாய்கள். அலுவலகக் கூட்டம், குடும்பங்கள், மாணவர்கள் என்று ஆயிரக்கணக்கானோர் வெட்டவெளியில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், குடிக்கிறார்கள், சத்தமாகச் சிரிக்கிறார்கள். பாயின் விளிம்பில் செருப்புகள் வரிசையாகக் கிடக்கின்றன. பாயை விரித்தவுடன் அந்தச் சதுரம் ஓர் அறை ஆகிவிடுகிறது. அதற்குள் செருப்போடு போவதில்லை, கிளம்பும்போது குப்பையை அள்ளிக்கொண்டு போவதுதான் வழக்கம். இவ்வளவு தாராளமாக வெளியில் உட்கார்ந்து சாப்பிடும் மக்களைப் பொது இடத்தில் சாப்பிடக் கூச்சப்படுகிறவர்கள் என்று எப்படிச் சொல்வது?

சரி, குப்பை விஷயத்துக்கு வருவோம். எனக்கு இதுதான் முழு வழக்கத்தின் அச்சாணி என்று தோன்றுகிறது.

ஜப்பானில் தெருவில் குப்பைத்தொட்டியைத் தேடி அலைந்தவர்களுக்குத் தெரியும்: கிடைக்காது. 1995 மார்ச் 20 காலையில் ஓம் ஷின்ரிக்யோ என்ற அமைப்பினர் டோக்கியோ சுரங்க ரயில்களில் சரின் விஷவாயுவைக் கசியவிட்டார்கள். பலர் இறந்தார்கள், ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டார்கள். ஆபத்தான பொருளை மறைத்துவைக்க வசதியான இடம் என்பதால், அதன் பிறகு நிலையங்களிலும் பொது இடங்களிலும் தொட்டிகள் மூடப்பட்டன, அகற்றப்பட்டன. சில நிலையங்களில் பிறகு உள்ளே இருப்பது தெரியும்படியான தொட்டிகள் வந்தன. பெரும்பாலான தெருக்களில் வரவே இல்லை. அவரவர் குப்பையை அவரவரே வீட்டுக்கு எடுத்துப் போகும் பழக்கம் ஏற்கெனவே இருந்தது. எரிப்பவை, பிளாஸ்டிக், புட்டிகள் என்று பிரித்துக் குறிப்பிட்ட நாளில் குறிப்பிட்ட இடத்தில் வைக்கும் முறையும் இருந்தது. ஆகவே தொட்டி இல்லாமலே ஊர் ஓடியது. தானியங்கிக் குளிர்பான இயந்திரங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் வட்டத் துளைப் பெட்டிகள் காலிப் பாட்டிலுக்கும் கேனுக்கும் மட்டுமே. பயணிகள் அதற்குள் காகிதத் தட்டைத் திணிப்பது அங்கே உள்ளவர்களை எரிச்சலூட்டும் செயல்களில் ஒன்று.

உள்ளூர்க்காரருக்கு இது சிரமமில்லை. மாலையில் வீடு திரும்புகிறார், பையிலிருக்கும் உறையை அங்கே போட்டுக்கொள்வார். விடுதியில் தங்கி நாள் முழுக்கச் சுற்றும் பயணிக்கு? எண்ணெய் ஒட்டிய தட்டு, சாஸ் வழியும் குச்சி, நசுங்கிய கோப்பை எல்லாவற்றையும் இரவு வரை சுமக்க வேண்டும். 2013இல்தான் ஜப்பானுக்கு ஒரு வருடத்தில் வந்த வெளிநாட்டவர் எண்ணிக்கை முதன்முறையாக 1 கோடியைத் தாண்டியது. 2019இல் அது சுமார் 3.2 கோடி, 2024இல் சுமார் 3.7 கோடி. வீடு இல்லாமல் தெருவில் சாப்பிடுகிறவர்கள் இவ்வளவு வேகமாகப் பெருகினால், குப்பையை வீட்டுக்கு எடுத்துப்போ என்ற ஏற்பாடு எங்கே தாங்கும்? நெரிசலான சுற்றுலாத் தெருக்களில் கடைக்காரர்களே மாலையில் துடைப்பத்தோடு இறங்க வேண்டியதாயிற்று. 'நடந்துகொண்டு சாப்பிடாதீர்கள்' என்ற அறிவிப்புப் பலகைகள் கடந்த பத்துப் பன்னிரண்டு வருடங்களில் இவ்வளவு பரவியதற்கு, பழைய நாகரிகத்தைக் காப்பாற்றும் ஆசையைவிட இந்தத் துடைப்பம்தான் பெரிய காரணம் என்பேன்.

கியோட்டோவின் நிஷிக்கி சந்தையில் இதை நேராகப் பார்க்கலாம். ஊரின் சமையலறை என்று பெயர் வாங்கிய பழைய சந்தை. சுமார் 390 மீட்டர் நீளம்; அகலம் பல இடங்களில் நாலைந்து பேர் தோளுரசி நடக்கும் அளவுதான். மீன், ஊறுகாய், டோஃபு, தேநீர் என்று நூற்றுக்கு மேற்பட்ட கடைகள். உணவகங்களின் சமையல்காரர்களும் வீட்டுக்காரர்களும் சாமான் வாங்கிய இடம், பயணிகள் வரத்து கூடக் கூட, குச்சியில் குத்திய தின்பண்டங்களின் தெருவாக மாறத் தொடங்கியது. தலைக்குள் காடை முட்டை வைத்த குட்டி ஆக்டோபஸ் குச்சியைப் படம் எடுத்து, கடித்தபடியே நகரும் கூட்டத்துக்குள் ஊறுகாய் வாங்க வந்த பாட்டி எப்படி நுழைவார்? பக்கத்தில் வாடகைக்கு எடுத்த பட்டுக் கிமோனோவில் போகிறவர் மேல் சாஸ் பட்டால் யார் பொறுப்பு? கடைக்காரர்கள் சங்கம் வைத்த வேண்டுகோள் நியாயமானது: எந்தக் கடையில் வாங்கினீர்களோ அந்தக் கடை முன்பாகவோ உள்ளேயோ சாப்பிடுங்கள், மிச்சத்தை அந்தக் கடையிலேயே கொடுங்கள்.

டோக்கியோவில் அசகுசா ஆலயத்துக்கு முன்னால் நீளும் நகமிசே கடைத்தெருவிலும் இதே வேண்டுகோள். மீன்சந்தையின் உள் பகுதி 2018 அக்டோபரில் தொயோசுவுக்குப் போன பிறகும் கூட்டம் குறையாத ட்சுகிஜி வெளிச்சந்தையிலும் அப்படியே. ஒரு நுணுக்கம் கவனியுங்கள்: வாங்கிய கடை முன்னால் என்றால் வாங்கிய கடை முன்னால்தான். ஒரு கடையில் வாங்கிய முட்டைக் குச்சியைப் பக்கத்துக் கடை வாசலில் நின்று சாப்பிடுவது, அந்தப் பக்கத்துக் கடையின் வாடிக்கையாளரை மறைப்பதாகும். ஒரு கடையின் குச்சியை இன்னொரு கடையில் போய் நீட்டுவதும் சரியல்ல. இரண்டு பண்டங்களை இரண்டு கடைகளில் வாங்கி ஒன்றாகச் சாப்பிட வேண்டும் என்று தோன்றினால், முதலாவதை முடித்துவிட்டுத்தான் அடுத்த கடைக்குப் போக வேண்டும். எங்கே நிற்பது என்று புரியாவிட்டால் கேட்டுவிடுவது நல்லது. 'கொக்கோ தே தபேத்தே மோ ஈ தெஸ் கா' என்றால் இங்கே சாப்பிடலாமா என்று அர்த்தம். கையில் தட்டோடு இந்த ஒரு வாக்கியத்தைத் தட்டுத்தடுமாறிச் சொன்னாலே கடைக்காரர் ஓரமாக ஓர் இடத்தைக் கைகாட்டுவார்.

இந்த வழக்கத்தை ஆதிகால ஜப்பானிய நாகரிகமாகச் சித்திரிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. டோக்கியோ 'எதோ' என்ற பெயரில் இருந்த காலத்தில், பதினெட்டாம் நூற்றாண்டிலேயே அங்கே பத்து லட்சம் பேர் அளவில் வாழ்ந்தார்கள். ஆண்களே அதிகமான ஊர். வேலைக்கு வந்த தனியாட்கள், பிரபுக்களோடு முறைவைத்து வந்து தங்கிய சாமுராய்கள். 1657இல் பெருந்தீ நகரத்தின் பெரும்பகுதியை விழுங்கியது. மறுபடி கட்ட வந்த தொழிலாளர்களுக்குச் சோறு போட்டவை தெருக்கடைகள். இன்று உயர்ந்த உணவகங்களில் விற்கும் சுஷி, தெம்புரா (மாவில் தோய்த்துப் பொரித்தது), சோபா மூன்றுமே எதோவின் தெருவில் வளர்ந்தவை. தெம்புராவைக் குச்சியில் குத்தி, பொதுப் பாத்திரத்துச் சாற்றில் தோய்த்துச் சாப்பிட்டார்கள். கொதிக்கும் எண்ணெய் மரவீடுகளுக்குள் தீ வைத்துவிடும் என்ற பயமும் அதைத் தெருவிலேயே நிறுத்தியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த கைப்பிடி சுஷி இன்றைய சுஷியைவிடப் பெரியது. பசித்தவர் இரண்டு மூன்றை நின்றபடி விழுங்கிவிட்டுப் போவார். ஆக, தெரு உணவு அங்கே வெளியிலிருந்து வந்த பழக்கமல்ல. ஆனால் அந்தக் காலத்திலும் சாப்பிட்டது கடையின் முன்னால் நின்றுதான்.

அந்த மரபு இன்றும் உயிரோடு இருக்கும் ஊர் ஃபுகுவோகா. மாலையானதும் நகாசு ஆற்றங்கரையிலும் தென்ஜின் நடைபாதைகளிலும் யதாய் எனப்படும் சக்கரக் கடைகள் வந்து நிற்கின்றன. விடிவதற்குள் தடயமே இல்லாமல் போய்விடுகின்றன. ஒரு காலத்தில் நானூறுக்கு மேல் இருந்தவை இப்போது நூறு அளவில்தான். குடும்பத்தாரைத் தவிர வேறு யாருக்கும் உரிமத்தை மாற்ற முடியாது என்ற கட்டுப்பாடு 1990களில் வந்தது. அப்படியே விட்டிருந்தால் ஒவ்வொன்றாக அணைந்திருக்கும். 2013இல் நகரம் யதாய்க்கென்றே தனி விதித்தொகுப்பு இயற்றி, பிறகு புதியவர்களையும் விண்ணப்பம் வாங்கித் தேர்ந்தெடுத்தது. நடைபாதையை அடைக்கிறது, சாக்கடை நாறுகிறது என்று புகார் வாங்கிய ஒன்றை ஒழித்துக்கட்டாமல், ஒழுங்குக்குள் கொண்டுவந்து காப்பாற்றியிருக்கிறார்கள். இதை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

யதாயில் உட்கார்வதற்குச் சில நெறிகள் உண்டு, எல்லாம் இடப்பற்றாக்குறையிலிருந்து வந்தவை. பத்துப் பேர் உட்கார்ந்தால் கடை நிறைந்துவிடும். ஆறேழு பேர் கூட்டமாகப் போனால் கடைக்காரருக்குச் சங்கடம். திரைத்துணியை விலக்கி, விரலால் எத்தனை பேர் என்று காட்டி, அவர் சொன்ன பிறகு உட்கார வேண்டும். புதிதாக ஆள் வந்தால் இருப்பவர்கள் பெஞ்சில் நகர்ந்து இடம் விடுவார்கள். நீங்களும் நகர வேண்டும். தலைக்கு ஒன்றாவது வாங்குவது மரியாதை, ஒரே கிண்ணம் ராமென் நூடுல்ஸ் வாங்கி நாலு பேர் பகிர்வது மரியாதை இல்லை. வெளியே ஆள் காத்திருந்தால் சாப்பிட்டதும் எழுந்துவிட வேண்டும். பெரிய பெட்டிகளை விடுதியில் வைத்துவிட்டுப் போங்கள். கழிப்பறை அங்கே இருக்காது, முன்கூட்டியே போய்விட்டு வர வேண்டும். பச்சை மீன் கேட்காதீர்கள்; யதாயில் வேகவைத்தது, பொரித்தது, சுட்டது மட்டுமே. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் பேச்சுக் கொடுப்பார். நகர ரயிலில் வாய் திறக்காத அதே ஆள் இங்கே எந்த ஊர் என்று கேட்பார். முழங்கை இடிக்கும் தூரத்தில் உட்கார்ந்தபின் பேசாமல் இருப்பதுதான் வினோதம்.

ஒசாகாவின் ஷின்செகாய் பகுதியில் குஷிகாட்சு என்று குச்சியில் பொரித்த பண்டங்கள் பிரசித்தம். சாஸ் பாத்திரம் எல்லாருக்கும் பொது என்பதால் 'இரண்டாவது முறை தோய்க்காதே' என்பது அங்கே கட்டளை. கடிப்பதற்கு முன் ஒருமுறை தோய்த்துக்கொள்ளலாம். பிறகு சாஸ் வேண்டுமானால் தட்டில் வைக்கும் முட்டைகோஸ் இலையால் அள்ளி ஊற்றிக்கொள்ள வேண்டும். கொரோனாவுக்குப் பிறகு பல கடைகள் பாட்டிலுக்கு மாறிவிட்டன. தாக்கோயாக்கி என்ற ஆக்டோபஸ் உருண்டைக்கு இந்த மாதிரி விதி ஏதும் இல்லை. ஆனால் உள்ளே மாவு கொதித்துக்கொண்டிருக்கும், நடந்துகொண்டு அதைத் தின்ன முயன்றால் வாய் வெந்துவிடும். நின்று ஆற அமரச் சாப்பிடும்படி பண்டமே கட்டாயப்படுத்துகிறது.

பிறகு, விலங்குகளும் பறவைகளும். கமகுரா, எனோஷிமா கடற்கரைகளில் கரும்பருந்துகள் வட்டமிடுகின்றன. முதுகுப் பக்கமாகச் சத்தமில்லாமல் இறங்கி, கையிலிருக்கும் ரொட்டியைப் பிடுங்கிக்கொண்டு போய்விடும். நகம் கீறிக் காயப்பட்டவர்கள் உண்டு. எச்சரிக்கைப் பலகைகள் அங்கங்கே இருக்கின்றன. கூரைக்கடியில், சுவரில் முதுகைச் சாய்த்தபடி சாப்பிடுவதுதான் வழி. நாராவில் கதை தலைகீழ்: ஆயிரத்துக்கும் மேற்பட்ட மான்கள் பூங்காவில் திரிகின்றன, உணவு வாசனை ஒட்டிய பிளாஸ்டிக் உறையைத் தின்றுவிடுகின்றன. 2019இல் இறந்த மான்களைப் பரிசோதித்தபோது ஒன்றின் வயிற்றில் 4.3 கிலோ பிளாஸ்டிக் இருந்தது. நாரா பூங்காவில் 1980களிலேயே குப்பைத்தொட்டிகளை எடுத்துவிட்டதற்கும் மான்கள்தான் காரணம். மானுக்கென்று அங்கே விற்கும் தவிட்டு பிஸ்கட்டைத் தவிர வேறெதையும் கொடுக்கக் கூடாது. உங்கள் உறையைப் பையின் ஆழத்தில் வையுங்கள்.

விதிவிலக்குகள் இல்லாமல் இல்லை. கோடைத் திருவிழாக்களில் ஆலயப் பாதையோரம் கடைகள் முளைக்கும்போது, பனித்தூள் கோப்பையோடும் சர்க்கரைப் பாகு பூசிய ஆப்பிளோடும் எல்லாருமே நடக்கிறார்கள். அன்று தெரு முழுக்கவே சாப்பிடும் இடம். ஏற்பாட்டாளர்கள் குப்பை சேகரிக்க இடம் வைத்திருப்பார்கள். அப்போதும் சன்னதிக்கு முன்னால் போகும்போது கையில் தின்பண்டம் இருக்காது. இசே பெருங்கோயிலுக்கு வெளியே உள்ள ஓஹராய்மாச்சி, டோக்கியோவுக்கு வடக்கே கவாகோயேவின் மிட்டாய்ச் சந்து போன்ற இடங்கள், வாங்கித் தின்றுகொண்டே சுற்றுவதையே தங்கள் கவர்ச்சியாக விளம்பரம் செய்கின்றன. ஹராஜுகுவின் தக்கேஷிதா தெருவில் கிரேப் 1970களிலிருந்தே இளைஞர்களின் கைப்பண்டம். கூம்பு ஐஸ்கிரீமுக்கு எந்த ஊரிலும் பெரிய ஆட்சேபம் கிடையாது. உருகும், வேறு வழியில்லை, கடைசியில் மிஞ்சுவதும் ஒரு துண்டுக் காகிதம்தான். ஆக ஒரு ஊருக்குப் போய் இறங்கினால் முதலில் பலகையைப் பாருங்கள். பலகை இல்லையென்றால் சுற்றியிருக்கும் உள்ளூர்க்காரர்களின் கைகளைப் பாருங்கள். அவர்கள் கடையோரம் ஒதுங்கினால் நீங்களும் ஒதுங்குங்கள்.

எது வேண்டுகோள், எது கட்டாயம் என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. புகைபிடிப்பதில் அவர்கள் கறார்: டோக்கியோவின் சியோதா வட்டாரம் 2002லேயே தெருவில் புகைத்தால் பணம் கட்ட வேண்டும் என்று விதித்தது. ஷிபுயா ரயில் நிலையத்தைச் சுற்றி 2024 அக்டோபர் முதல் மாலை 6 மணியிலிருந்து விடிகாலை 5 மணி வரை தெருவில் மது அருந்தக் கூடாது. தண்டனை இல்லை, ஆனால் ரோந்து வருகிறவர்கள் கையிலிருப்பதைக் கொட்டச் சொல்வார்கள். உணவைப் பொறுத்தவரை அநேகமாக எல்லா இடத்திலும் வேண்டுகோள் மட்டுமே. தண்டனை இல்லாததால் பொருட்படுத்த வேண்டியதில்லை என்று நினைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. நூற்றுக்கணக்கான கடைக்காரர்கள் சேர்ந்து பணிவாக ஒன்றைக் கேட்கிறார்கள். சாஸ் பட்ட கிமோனோக்காரர் பெரும்பாலும் சண்டைக்கு வர மாட்டார், பேசாமல் போய்விடுவார். அந்த மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது பெரிய தப்பு.

சிறு விஷயங்கள் சில. பணத்தைக் கையில் நீட்டாமல், கடையில் ஒரு தட்டு இருந்தால் அதில் வையுங்கள். மீதியும் அதிலேயே வரும். தெருக்கடைகளில் நாணயம் கைவசம் இருப்பது நல்லது. டிப்ஸ் கொடுக்கும் வழக்கமே கிடையாது, வைத்துவிட்டுப் போனால் மறந்துவிட்டீர்கள் என்று பின்னாலேயே ஓடி வருவார்கள். ஒரு மடிப்புப் பிளாஸ்டிக் பையும் ஈரத்துணியும் எப்போதும் பையில் இருக்கட்டும். சமைக்கும் ஆளின் முகத்துக்கு நேராகக் கேமராவைத் தூக்குவதற்கு முன் கண்ணாலாவது அனுமதி கேளுங்கள். வாங்காமல் படம் மட்டும் எடுத்துப் போவதைக் கடைக்காரர்கள் ரொம்பவே வெறுக்கிறார்கள்.

நிலைமை மாறிக்கொண்டும் இருக்கிறது. குப்பையை உள்ளேயே நசுக்கிச் சுருக்கும், சூரிய ஒளியில் இயங்கும் தொட்டிகள் 2020இல் டோக்கியோவின் ஓமோதெசாந்தோ சாலைக்கு வந்தன. வேறு சுற்றுலா இடங்களிலும் வரத் தொடங்கியிருக்கின்றன. பயணிகளை வரவேற்றுவிட்டுத் தொட்டி வைக்க மாட்டோம் என்று சொல்வது முறையல்ல என்ற குரல் ஜப்பானுக்குள்ளேயே கேட்கிறது. அதில் எனக்கு முழு உடன்பாடு. ஆனால் தொட்டியை வைப்பது யார், தினமும் காலி செய்யும் செலவு நகரசபைக்கா, கடைகளுக்கா, ரயில் நிறுவனத்துக்கா என்பதில்தான் இழுபறி. அதற்குள் பல கடைகள் தாங்களே வழி கண்டுவிட்டன: பின்பக்கம் இரண்டு ஸ்டூலும் ஒரு பலகையும் போட்டு, உள்ளே வந்து சாப்பிடுங்கள் என்கிறார்கள். ஜப்பானில் 2019 அக்டோபர் முதல் எடுத்துச் செல்லும் உணவுக்கு 8 சதவீதமும் கடையின் இருக்கையில் சாப்பிட்டால் 10 சதவீதமும் வரி. ஆகவே வாங்கும்போதே இங்கேயா, எடுத்துப் போகவா என்று கேட்பார்கள். வரி நீங்கலாக 500 யென் விலையுள்ள பண்டத்துக்கு வித்தியாசம் 10 யென். உட்கார இடமும் குச்சியைப் போடக் கூடையும் அதற்குள் கிடைத்துவிடுகின்றன.